கோப்புகளைப் பேணும் முறை

வேண்டிய பொழுதில் கைக்குக் கிட்டாத பொருள், இருந்தும் இல்லாததே ஆகும். பெட்டி நிறையப் பத்திரங்கள் இருப்பினும், உரிய பத்திரத்தை உரிய நாளில் எடுத்துக் காட்ட இயலாதவன் அஃது இல்லாதவனோடு ஒப்பவே எண்ணப்படுவான். இவ்வுண்மை காகிதத்திற்கு மட்டுமன்றிக் கணிப்பொறியில் உள்ள கோப்புகளுக்கும் பொருந்தும்.

மாணவன் ஒருவன் தன் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான் என்று கொள்க. முதற்படிக்குக் 'கட்டுரை' என்றும், திருத்திய படிக்குக் 'கட்டுரை புதியது' என்றும், மீண்டும் திருத்தியதற்குக் 'கட்டுரை இறுதி' என்றும், அதன் பின்னும் பிழை கண்டு திருத்தியதற்குக் 'கட்டுரை இறுதி 2' என்றும் பெயரிடுகிறான். நான்கும் கணிப்பொறியின் முகப்புத்திரையில், படங்களுக்கும் பாடல்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. ஒப்படைக்கும் நாளில், விரைவு மிகுதியால், பிழை மலிந்த பழைய படியை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறான். பல நாள் உழைப்பு ஆசிரியர் கண்ணிற் படாமலே போகிறது. அவனிடம் அறிவும் உண்டு; முயற்சியும் உண்டு; ஒழுங்கு ஒன்றே இல்லை.

முகப்புத்திரை, எழுதும் மேசையை நினைந்து அமைக்கப்பட்டது. அமெரிக்க நாட்டின் ஜெராக்ஸ் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் 'ஸ்டார்' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் திரையில் தாள், உறை, கோப்புப் பேழை ஆகியவற்றின் சிறு படங்கள் தோன்றின. அலுவலர் தம் மேசையைக் கையாளுமாறு போலவே கணிப்பொறியையும் கையாள வேண்டும் என்பது அதனை அமைத்தோர் கருத்து. 1984இல் வந்த மக்கின்டாஷும், 1995இல் வந்த விண்டோஸ் 95உம் அம்முறையை உலகெங்கும் பரப்பின. மேசை, பணி செய்யும் இடம். சேர்த்து வைக்கும் இடம் பேழையே. ஆகவே, நடைபெறும் பணிக்கு உரிய கோப்புகள் மட்டும் முகப்புத்திரையில் இருக்கலாம். பணி முடிந்தவற்றை உரிய கோப்புறையிற் சேர்த்துவிடுதல் வேண்டும்.

கோப்புறைகளைப் பகுக்கும் முறை எளிதாய் இருத்தல் நன்று. 'பத்தாம் வகுப்பு' என ஒரு கோப்புறையும், அதனுள் தமிழ், கணக்கு, அறிவியல் எனப் பாடத்திற்கு ஒரு கோப்புறையும் அமைத்தால் போதும். அளவுக்கு மீறிப் பகுத்தால், எது எதனுள் உள்ளது என்னும் மயக்கம் உண்டாகும்.

அடிக்கடி வேண்டப்படும் கோப்பிற்கு முகப்புத்திரையில் ஒரு குறுவழி அமைத்துக்கொள்ளலாம். குறுவழி, சாலையோரக் கைகாட்டி போன்றது. கைகாட்டியைப் பிடுங்கினால் ஊர் அழிவதில்லை. அதுபோலக் குறுவழியை நீக்கினாலும் கோப்பு அழிவதில்லை. ஆனால், குறுவழியை மட்டும் பென் டிரைவில் படியெடுத்துச் செல்பவன், ஊரை விட்டுவிட்டுக் கைகாட்டியைச் சுமந்து சென்றவன் ஆவான். பள்ளிக் கணிப்பொறியில் அதனால் பயன் விளையாது.

பெயரிடுதலும் கருதத்தக்கது. கோப்பைத் திறவாமலே உள்ளிருப்பது இன்னதென்று பெயரே உணர்த்த வேண்டும். நாளையும் சேர்த்து எழுதுவோர், ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் எழுதுதல் சிறப்பு. '2025-06-12 ஏரிக் கட்டுரை' என்று பெயரிட்டால், கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். கணிப்பொறி பெயரை முதலிலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதே காரணம். நாளை முதலில் எழுதினால், வெவ்வேறு ஆண்டுகளின் கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 'இறுதி' என்னும் சொல்லை நம்புவதினும் 01, 02 என எண்ணிட்டு வருதல் நன்று. விண்டோஸில் சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி முதலியன பெயரில் இடம்பெறா. தமிழிலேயே பெயரிடலாம், 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன.

ஒழுங்கோடு காப்பும் வேண்டும். கணிப்பொறியில் நீக்கிய கோப்பு பொதுவாக மறுசுழற்சித் தொட்டியிற் கிடக்கும். தொட்டியை வெறுமையாக்கும் முன் அதனை மீட்டுக்கொள்ளலாம். பென் டிரைவிலிருந்து நீக்கிய கோப்போ பெரும்பாலும் அத்தொட்டிக்குச் செல்வதில்லை. மேலும், ஒரே வன்தட்டில் இரண்டு படிகள் வைத்திருப்பது காப்பு ஆகாது. தட்டுப் பழுதுற்றால் இரண்டும் ஒருங்கே அழியும். ஆதலின், இன்றியமையாத கோப்பிற்கு வேறோர் இடத்திலும் ஒரு படி இருத்தல் வேண்டும். ஓலை செல்லரித்துப் போகுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்த முன்னோரால் அன்றோ பழந்தமிழ் நூல்கள் பல இன்று நமக்குக் கிடைத்துள்ளன? படியெடுப்பார் இன்றி அழிந்த நூல்களும் உண்டு.

இவற்றிற்கெல்லாம் நெடும்பொழுது வேண்டுவதில்லை. வாரத்திற்கு ஒருமுறை கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். வேண்டாதவற்றை நீக்கி, முடிந்தவற்றை உரிய இடத்திற் சேர்த்து, அரியவற்றிற்குப் படியெடுத்து வைக்கலாம். பாட்டு ஒன்றையும் பல நாள் உழைத்து எழுதிய கட்டுரையையும் கணிப்பொறி வேறுபாடின்றியே தாங்கி நிற்கும். எது அரியது என்பதை அறிந்து பேணுதல் அதனைப் பயன்படுத்துவோர் கடமையாகும்.