யந்திரக் காரியஸ்தர்

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்திலுள்ள பிள்ளைச்சாவடியை நமது நேயர்களில் பலர் அறிவார்கள். கடல் அரிப்பினால் கரையை இழந்து அல்லலுறும் மீனவர் கிராமம் அது. 1984ல் தொடங்கிய புதுவைப் பொறியியற் கல்லூரியும், 2020ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்று, அதே பிள்ளைச்சாவடியில் நடைபெற்று வருகிறது. வலை உலர்த்தும் மணலும் கணினி பயிலும் கூடமும் ஒரே ஊரில் அமைந்திருக்கின்றன. கூடத்தில் கற்கும் புதிய வித்தை கரையில் வாழ்வோருக்குப் பிரயோஜனப்படுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய ஆரவாரம் ஓய்ந்தபாடில்லை. ஆதியில் அது கேட்ட கேள்விக்கு விடை கூறுவதோடு நின்றது. பின்னர், நமக்காகக் கடிதம் அனுப்பவும், படிவம் நிரப்பவும், ஒரு வேலையைப் பல படிகளாகப் பிரித்துத் தானே செய்து முடிக்கவும் வல்ல யந்திரம் பிறந்துவிட்டதென்று பறைசாற்றினார்கள். அதற்கு ஏஜெண்டு என்று பெயரிட்டார்கள். நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பண்ணையிலும் கடையிலும் முதலாளியின் சார்பாகக் காரியம் பார்ப்பவரைக் காரியஸ்தர் என்று நாம் நெடுங்காலமாய் அழைத்து வருகிறோம். இதுவும் ஒரு காரியஸ்தரே.

2023ல் ஆட்டோஜிபிடி என்னும் யந்திரக் காரியஸ்தர் தோன்றியபோது, ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரத்தையே நடத்திக் கொடுக்கும் என்றார்கள். அதுவோ பல வேளைகளில் செக்குமாடு போல் ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. இதன் காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு படியையும் நூற்றுக்கு 95 தடவை சரியாகச் செய்யும் யந்திரம், 20 படிகள் கொண்ட வேலையைப் பிழையின்றி முடிப்பது நூற்றுக்கு 36 தடவை மட்டுமே. மற்ற 64 தடவையும் எங்கேனும் ஓரிடத்தில் சறுக்கிவிடும். ஆரவாரம் செய்தோர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

இப்பொழுது நிலைமை மாறி வருகிறது. யந்திரத்தின் திறமையும் வளர்ந்தது; அதை ஏவுவோரின் புத்தியும் தெளிந்தது. எல்லாவற்றையும் செய் என்று விட்டுவிடாமல், எல்லை வகுத்த ஒரு வேலையைக் கொடுத்துப் படிதோறும் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கணினி நிரல் எழுதும் தொழிலில் இது விரைவில் பலித்ததற்கு ஒரு காரணம், நிரலை ஓட்டிப் பார்த்துப் பிழைகளை உடனுக்குடன் கண்டுபிடிக்கக் கூடுவதே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2025 ஜூலையில் இத்தகைய காரியஸ்தர்களையும், அவற்றை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளும் சாதனத்தையும் வெளியிட்டது. ஆகவே இது கடைச்சரக்காகவே வந்துவிட்டது. வாங்கும் நாம் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

இதற்குப் புதுவையிலேயே பாடம் இருக்கிறது. 1998ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைக் கேந்திரமாகக் கொண்டு கிராமங்களில் கணினி நிலையங்களை அமைக்கத் தொடங்கிற்று. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் கண்ட அலை உயரச் செய்தியைத் தமிழில் ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரைக்கே கேட்கும்படி அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை வந்த நாளில், சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தார் அத்தகைய ஒலிபெருக்கியின் மூலமே ஜனங்களை அப்புறப்படுத்தி உயிர் காத்தனர். அங்கே யந்திரம் பெரும் வித்தை எதையும் காட்டவில்லை. வேண்டிய ஒரு காரியத்தை, வேண்டிய நேரத்தில், ஜனங்களின் பாஷையில் செய்தது. அதை நடத்துவோர் இன்னாரென்று ஊரார் அறிந்திருந்தனர்.

நிற்க. காரியஸ்தர் தவறு செய்தால் பொறுப்பு யாருடையது? கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் உரையாடும் யந்திரம் ஒரு பிரயாணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. யந்திரத்தின் பேச்சுக்குத் தான் பொறுப்பல்ல என்ற பாணியில் கம்பெனி வாதித்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளி, நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. காரியஸ்தரின் செயலுக்கு முதலாளியே ஜவாப்தாரி என்ற பழைய நியாயத்தை யந்திரத்தின் பெயரால் மாற்ற முடியாது.

நமக்கு அருகிலுள்ள உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை நடக்கிறது. அக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அடுப்பெரிய நிவாரணத் தொகை வேண்டியிருக்கிறது. நாளை அந்த மனுக்களைப் பரிசீலிக்கும் வேலையை யந்திரக் காரியஸ்தரிடம் ஒப்படைப்பார்களானால், தாமதம் குறையலாம். இடைத்தரகர் தொல்லையும் ஒழியலாம். அது பெரிய நன்மையே. ஆனால் பிள்ளைச்சாவடியில் ஒரு குடும்பத்தின் பெயரை அது தவறுதலாக நீக்கிவிட்டால், அவ்வீட்டுப் பெண்மணி யாரிடம் போய்க் கேட்பாள்?

ஆகையால் நாம் கேட்க வேண்டியவை நான்கு. யந்திரம் தமிழில் பேச வேண்டும். பணத்தையோ உரிமையையோ தொடும் காரியத்தை முடிக்குமுன் ஒரு மனிதரின் சம்மதம் பெற வேண்டும். தான் செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். துய்ப்ளேயின் துபாஷாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பினாலன்றோ, அக்காலத்துக் காரியங்கள் பலவற்றை இன்று நாம் அறிகிறோம்? கடைசியாக, பொறுப்பேற்கும் அதிகாரியின் பெயர் மனுவிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

யந்திரத்தைக் கண்டு மிரளுவதும் வேண்டாம். அதை வணங்குவதும் வேண்டாம். ஊரூராகப் பொதுப்பணி செய்யும் நண்பர்கள், காரியாலயங்களில் இது நுழைவதற்கு முன்னரே இந்நான்கையும் எழுதிக் கேட்க வேண்டும். நுழைந்த பின் கேட்பது, கரை போன பின் கல் கொட்டுவதாகும். அதன் பலன் என்னவென்று பிள்ளைச்சாவடி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.