மின்னஞ்சலும் துணை வழங்கியும்

தபாற்கந்தோர் பூட்டியிருக்கும் வேளையிற் கடிதப் பையைக் கொணர்ந்தவன் அதனைத் தெருவில் எறிந்துவிட்டுப் போவதில்லை, மீண்டும் வருவான். மின்னஞ்சலும் இவ்வியல்பினதே. இதனை அறியாமையினாற் பலர், துணை வழங்கி ஒன்று இல்லையேல் தமக்கு வருங் கடிதங்கள் யாவும் அழிந்துபோகுமென அஞ்சுகின்றனர்.

ஒரு சங்கமோ கல்லூரியோ தனக்கென ஒரு டொமைன் பெயரைப் பெற்றபின், அப்பெயருக்கு வரும் அஞ்சலை எவ்வழங்கி ஏற்கும் என்பதைப் பதிந்து வைத்தல் வேண்டும். அது எம்.எக்ஸ். பதிவு எனப்படும். 1986ஆம் ஆண்டிற் கிறெய்க் பாட்றிட்ஜ் என்பார் எழுதிய விதிகளில் இம்முறை விளக்கம் பெற்றது. ஒரு பெயருக்கு வழங்கிகள் பலவற்றைக் குறிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இங்கே சிறிய எண்ணுக்கே முதன்மை. 10, 20 என இரண்டு இருப்பின், அனுப்பும் வழங்கி முதலில் 10ஐ நாடும். அது விடையளியாதவிடத்து 20ஐ நாடும். 20 அஞ்சலைத் தன்னிடம் வைத்திருந்து, முதல் வழங்கி எழுந்ததும் ஒப்படைக்கும்.

துணை இல்லாவிடின் யாது நிகழும்? 2008இல் வெளிவந்த எஸ்.எம்.ரி.பி. விதிகளின்படி, அனுப்பும் வழங்கி குறைந்தது 30 நிமிட இடைவெளி விட்டு மீண்டும் முயல வேண்டும். 4 அல்லது 5 நாள்வரையேனும் முயற்சியைக் கைவிடலாகாது. ஆகவே, சனிக்கிழமை மின்சாரம் தடைப்பட்டு நின்ற வழங்கி திங்கட்கிழமை எழுந்தாலும், விதி வழுவாத இடங்களிலிருந்து வருங் கடிதம் கெடாது. தாமதமே நேரும்.

காவலற்ற துணை வழங்கியோ பெருந் தீங்கு விளைப்பது. குப்பையஞ்சல் அனுப்புவோர், அங்கே காவல் தளர்ந்திருக்குமென எண்ணிப் பெரிய எண்ணுடைய வழங்கியையே தேடிச் செல்வதுண்டு. யார் யாருக்கு அஞ்சற்பெட்டி உண்டு என்பதை அறியாத துணை, இல்லாத பெயருக்கு வருவதையும் ஏற்றுக்கொள்ளும். பின்னர் முதல் வழங்கி 550 எனக் கூறி மறுக்க, துணை அதனை அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். அனுப்பியவர் முகவரியோ பொய். ஏதுமறியாத மூன்றாமவர் பெட்டியே நிறையும். இது தொடரின் நம் வழங்கி தடைப்பட்டியலில் ஏறும். அதன்பின் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்க்கு நாம் அனுப்பும் விழா அழைப்பும் அவர்தம் வாயிலில் மறுக்கப்படும். கடிதம் தவறாமைக்கென வைத்த ஏற்பாடே கடிதத்தைத் தடுத்த கதையாகும்.

ஒரு வாரத்துக்கு மேலும் இணைப்பு அறுபடக்கூடிய இடத்தவர் துணையை நாடுவது தகும். அன்னோர் பெறுநர் பட்டியலையும் குப்பையஞ்சற் சோதனைகளையும் இரு வழங்கிகளிலும் ஒரேவிதமாக வைத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைப்பதாற் பயனில்லை. மின்சாரம் போனால் இரண்டும் போகும். பலரும் மறப்பது பிறிதொன்று. துணை வழியே வரும் அஞ்சல் துணையின் ஐ.பி. எண்ணைத் தாங்கி வருதலின், அனுப்பினோரின் உண்மையைச் சோதிக்கும் முதல் வழங்கி அதனைப் பொய்யென ஒதுக்கக்கூடும். துணையின் எண்ணுக்கு அச்சோதனையினின்றும் விலக்களித்தல் அவசியம்.

நம்போன்ற சங்கங்களுக்கு வழங்கியினும் பெரிய ஆபத்து, டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறத்தலே. பெயர் பதிவினின்றும் நீங்கிவிட்டால் அனுப்பும் வழங்கி காத்திராது. கடிதத்தை உடனே திருப்பிவிடும். எத்தனை துணை வழங்கிகள் இருந்தும் பயனில்லை. காரியதரிசிகள் மாறுகின்றனர், புதுப்பிக்கும்படி வரும் அறிவித்தல் மட்டும் முன்னைய காரியதரிசியின் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும்.