கோழிக்கூடையில் கவிழ்க்காதீர்கள், ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லுங்கள்

பட்டறைக் கூரை இடுக்கிலிருந்து விழுந்த கூகைக் குஞ்சு. மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி அடித்துப் போட்ட மயில். பூனை கவ்விய செம்போத்து. ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து பறந்து வந்த களைப்பில் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும் ஆறுமணிக்குருவி. பெரியநாயக்கன்பாளையத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இவற்றைக் கையில் எடுக்க மனமுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. எடுத்த பிறகு செய்கிற காரியம்தான் பறவையின் உயிரை வாங்குகிறது. பாட்டில் மூடியால் வாயில் தண்ணீர், ஊசிக்குழலில் பசும்பால், இரண்டு நாள் கோழிக்கூடை. மூன்றாம் நாள், "நல்லாத்தான் இருந்துச்சுங், காலையில பார்த்தா செத்துக் கெடக்குதுங்" என்கிறார்கள்.

பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பாலைச் செரிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. எலி பிடித்துத் தின்கிற கூகைக்குச் சோற்று உருண்டை ஊட்டுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. தண்ணீர் வேண்டாம், பால் வேண்டாம், சோறு வேண்டாம்.

வேண்டியது ஓர் அட்டைப்பெட்டி. செருப்புப் பெட்டியோ மளிகைப் பெட்டியோ, பறவையின் அளவுக்கு ஏற்றது. பக்கவாட்டில் சில துளைகள், அடியில் பழைய பருத்தித் துணி. பறவையின் மேல் துணியைப் போர்த்தி, அள்ளி உள்ளே வைத்து மூடி, இருட்டான மூலையில் வையுங்கள். பருந்து, கூகை என்றால் அலகைவிடக் கால் நகத்துக்குத்தான் அஞ்ச வேண்டும். தடித்த துணியோ கையுறையோ இல்லாமல் தொடாதீர்கள். அடிபட்ட மயிலைத் துரத்தாதீர்கள். பயந்து ஓடிய அதிர்ச்சியிலேயே தசை கெட்டுச் செத்துப்போகும். பூனை கவ்விய பறவைக்கு வெளியே காயம் தெரியாது. பல் பட்ட இடத்தில் போன கிருமி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே மருந்து விழ வேண்டும்.

எல்லாக் குஞ்சும் அனாதையல்ல. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாய் பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். இறகு முளைக்காததைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனுசர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

இனி சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 39-ன்படி இந்தப் பறவைகள் அரசின் சொத்து. எந்த வகையில் உங்கள் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். இரண்டு நாள் இருக்கிறதே என்று உட்காராதீர்கள். அது சட்டத்தின் கெடு. பறவைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். தக்காளிக் காட்டில் விஷம் கலந்த தானியத்தைத் தூவுவதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். வீட்டில் வளர்க்கும் பச்சைக்கிளியும் பட்டியலில் உள்ள பறவையே.

ஊரில் இன்னும் "வ.உ.சி. பூங்காவுல குடுத்துடலாம்" என்கிறார்கள். அந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-லேயே ரத்து செய்துவிட்டது. நீங்கள் போக வேண்டிய இடம் பெரியநாயக்கன்பாளையம் வனச்சரக அலுவலகம். அதன் எண்ணை இன்றைக்கே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள், பறவை விழுந்த பிறகு தேடாதீர்கள். அங்கே போனை எடுக்கவில்லையா, காவல் நிலையத்துக்குப் போங்கள். "இது எங்க வேலை இல்ல" என்று அங்கே கைகழுவினால், பிரிவு 39 காவல் நிலையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவதை எடுத்துச் சொல்லுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் பறவையின் பெயர் (தெரியாவிட்டால் நிறம், அளவு), கிடைத்த இடம், தேதி, நேரம், காயத்தின் தன்மை, உங்கள் பெயர், முகவரி எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, வச்சுட்டுப் போங்க" என்பார்கள். வாங்காமல் வராதீர்கள். நீங்கள் பறவையைப் பிடித்து வைத்திருக்கவில்லை, ஒப்படைத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பறவை என்ன ஆனது என்று பிறகு கேட்பதற்கும் அதுவே பிடிமானம். பதில் வராவிட்டால் ஆர்.எஸ்.புரம் வனக்கல்லூரி வளாகத்திலுள்ள மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இப்படி நான்கு பேர் கேட்டால்தான் மேஜைக்கடியில் பெட்டி கிடந்து பறவை சாகிற கதை நிற்கும்.

அடுத்து, அடிபட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சிகிச்சை மையத்துக்கு ஊர் தரவேண்டிய ஆதரவு. மயிலுக்கும் கிளிக்கும் பணம் தர ஆள் உண்டு. கூகையை அபசகுனம் என்று ஒதுக்குகிறோம், பருந்தின் இறைச்சிச் செலவுக்கு யாரும் கை நீட்டுவதில்லை. டெல்லியின் சமணர் பறவை மருத்துவமனை புலால் உண்ணும் பறவைகளைத் தங்கவைத்துப் பார்ப்பதில்லை. அப்படிக் கைவிடப்பட்ட கரும்பருந்துகளுக்குத்தான் நதீம் ஷெசாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் தங்கள் வீட்டு நிலவறையிலேயே வைத்தியம் பார்த்தார்கள். 2022-ல் வந்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படம் அவர்களைப் பற்றியதே.

பணம் தருமுன் அந்த மையத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வனவிலங்கை வைத்துச் சிகிச்சை செய்ய எழுத்துமூலமான அனுமதி உங்களிடம் உள்ளதா? தாளைக் காட்டாத இடத்துக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பம்ப்செட், வார்ப்படம், ஜவுளி இயந்திரம் என்று ஆலைகள் நிறைந்த ஊர் இது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்கீழ் சமூகப் பொறுப்பு நிதி செலவழிக்கும் கடமையுள்ள நிறுவனங்கள் அதை இதற்குத் தாராளமாகத் தரலாம். ஏழாம் அட்டவணையில் விலங்கு நலம் இருக்கிறது. பெறுகிற அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் நிறுவனங்களின் கதவைத் தட்டிப் பயனில்லை.

பணம் இல்லாதவர்கள் பழைய துண்டும் செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். மனிதரோடு பழகிய பறவை காட்டில் பிழைக்காது.

ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்; அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அடிபட்ட பறவையை எடுத்தாலும் வீட்டுக் கோழிகளின் பக்கத்தில் வைக்கவே கூடாது. கூகை இரவிலும் விழும். அப்போது ஆலையில் விழித்திருப்பவர் வாட்ச்மேன். அவருடைய அறையில் ஒரு காலி அட்டைப்பெட்டியும், சுவரில் வனச்சரக அலுவலக எண்ணும் காவல் நிலைய எண்ணும் இருக்க ஆலை நிர்வாகம் இந்த வாரமே ஏற்பாடு செய்யட்டும்.