சித்தி அமுக்கின பட்டன்!

சென்சார் வேலை ரொம்ப ஈஸி பாஸ்! டி.எச்.டி.22-ல இருந்து மூணு ஒயரை ஆர்டுயினோ ஊனோவுல சொருகினா, கொஞ்ச நேரத்துல வெப்பமும் ஈரப்பதமும் கம்ப்யூட்டர்ல ஓடும். எனக்கு ரெண்டு மாசம் தண்ணி காட்டினது, அதுக்கு மேல இருந்த மெனுதான்.

கோபி பக்கத்துல என் சித்தி சிப்பிக்காளான் குடில் வெச்சிருக்காங்க. உள்ளே ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்குக் கீழே போனா காளான் காய ஆரம்பிச்சிடும். 'கையில பிடிச்சுப் பார்க்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்'னு பந்தாவா சொல்லிட்டேன். டிபன் டப்பாவுக்குள்ள போர்டு, 9 வோல்ட் பேட்டரி, ரெண்டு வரி எல்.சி.டி., மூணு பட்டன்... பெருமையா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்தி பட்டனை அமுக்கினாங்க. ஒண்ணும் நடக்கலை. மறுபடி அழுத்தி அமுக்கினாங்க. ம்ஹூம்! சூடான பாத்திரத்தைத் தர்ற மாதிரி டப்பாவை என் கையில திணிச்சுட்டு, "ஏங்கண்ணு, எதையோ ஒடச்சுப்போட்டேனா?"ன்னாங்க. தப்பு பண்ணினது நான், பயந்தது அவங்க. சென்னை பஸ்ல அன்னிக்குத் தூக்கமே வரலை.

வில்லன், நான் எழுதின 'டிலே(2000)'. இந்த சென்சாரை ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவைதான் படிக்க முடியும். அதுக்காகப் போர்டையே ரெண்டு செகண்ட் தூங்க வெச்சிருந்தேன். சித்தி அமுக்கினது அது தூங்கினப்போ! 'மில்லிஸ்' வெச்சு நேரத்தை எண்ண ஆரம்பிச்சதும் பட்டன் உடனே பேசுச்சு. ஆனா, ஒரு தடவை அமுக்கினா மெனு மூணு வரி தாவுது! பட்டனுக்குள்ள இருக்கிற தகடு சில மில்லி செகண்ட் துள்ளுமாம். 20 மில்லி செகண்ட் பொறுத்துப் பார்க்கச் சொன்னதும் அடங்கிடுச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. மெனு பூரா இங்கிலீஷ். சித்திக்கு அது படிக்க வராது. அந்த எல்.சி.டி.யில நாமளா வரைஞ்சுக்க எட்டே எட்டு எழுத்துக்குத்தான் இடம். ஒவ்வொண்ணும் 5க்கு 8 புள்ளி. அதுல 'ஈ'யை அடைச்சுப் பாருங்க!

128க்கு 64 புள்ளி ஓ.எல்.இ.டி.க்கு மாறினேன். ஒரு முழு ஸ்கிரீனுக்கு 1,024 பைட். ஊனோவோட மொத்த ராமே 2,048 பைட்தான். பாதி காலி! 'ஈரம்', 'சூடு' ரெண்டையும் படமா வரைஞ்சு ஃபிளாஷ் மெமரியில வெச்சேன். ஏழு ஐட்டம் மெனு ரெண்டாச்சு. மூணு பட்டன் ஒண்ணாச்சு. (செட்டிங்ஸ் பக்கத்தை டெலிட் பண்றப்போ மனசு வலிச்சுது. சீன் போட வெச்சிருந்தேன்!)

போன வாரம் சித்தி போன். "ஏங்கண்ணு, ஈரம் கொறஞ்சா இதுவே கத்தாதா?"

ரிச்சி ஸ்ட்ரீட்ல பஸ்ஸர் தேடிக்கிட்டிருக்கேன்.