பச்சை உடம்பு

என் கல்யாணப் புடவை இன்றைக்கும் எனக்குச் சரியாக இருக்கிறது. ஜாக்கெட்தான் ஏறவில்லை. நடுவில் பதினாறு வருஷம், இரண்டு பிள்ளைகள், இரண்டு ஆபரேஷன், பதின்மூன்று கிலோ. புடவைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் அதே ஐந்தரை மீட்டர்தான். காஞ்சிபுரம் தலைமுறை தலைமுறையாக நெய்வது, உடுத்துகிறவளின் அளவைக் கேட்காத ஒரு துணியை. அளவு கேட்கிறவர் தையல்காரர். அவரும் அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைத் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார். "நாளைக்குப் பிள்ளை பெத்தா பிரிச்சுக்கலாம்மா." என் ஆயாவின் பழைய ஜாக்கெட் ஒன்றில் பக்கவாட்டில் மூன்று தையல் தடங்கள் இருந்தன. மூன்று முறை பிரித்திருக்கிறாள். இன்று பொட்டிக்கில் கொடுத்தால் உள்ளே ஒரு நூல்கூட விடுவதில்லை. கேட்டால், "ஃபிட்டிங் போயிடும் மேடம்."

பிள்ளை பெற்ற உடம்பை அன்று எப்படிப் பார்த்தார்கள், இன்று எப்படிப் பார்க்கிறோம் என்று எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு விரற்கடைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில், வேகவதிக் கரைப் பக்கம். ஜின காஞ்சி என்று பெயர் வாங்கிய சமணர் ஊரில் நாங்கள் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம். ஞாயிறு ஆராதனைக்குக் காஞ்சிபுரம் டவுனுக்குப் போவோம். ஆயா ஏழு பெற்றாள். ஏழும் வீட்டில், தறிக்குப் பக்கத்து அறையில், மருத்துவச்சி கையில். ஐந்து தங்கின.

பிள்ளை பிறந்ததிலிருந்து நாற்பது நாள் அவளுக்கு அந்த அறைதான் உலகம். அவளுக்குப் பெயர் 'பச்சை உடம்புக்காரி'. பச்சை என்றால் ஆறாதது, இளசானது, கை பட்டால் கன்றுவது. அந்த ஒரு சொல்லுக்கு வீடே கட்டுப்பட்டது. காலையில் மஞ்சளும் நொச்சியும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். அதை மொண்டு ஊற்ற மாட்டார்கள். சொம்போடு ஓங்கி இடுப்பில் அடிப்பார்கள். பிறகு பழைய நூல் புடவையை மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டு. லேகியம், சுட்ட பூண்டு, கருவாட்டுக் குழம்பு, பால் ஊறச் சுறாப் புட்டு. ராட்டைப் பக்கம் போகக் கூடாது, தார் சுற்றக் கூடாது. பசியாற்ற மட்டும் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள். மற்ற நேரம் தூங்கு என்பார்கள்.

இதையெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள் தண்ணீர் கதையைச் சொல்ல மாட்டார்கள். வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரை மிடறு மிடறாக அளந்து கொடுத்தார்கள். பால் கொடுக்கிறவளுக்கு எப்படித் தாகம் எடுக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியும். நாலாவது பிள்ளைக்கு, வெந்நீர் அண்டாவில் மீந்த மஞ்சள் தண்ணியைத் திருட்டுத்தனமாகக் குடித்ததை ஆயா தொண்ணூறு வயதில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனித் தட்டு, தனிப் பாய். தொட்டால் தீட்டு. நாற்பதாம் நாள் தலை முழுகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய், ஆயர் ஜெபம் பண்ணும்வரை வாசல் பக்கமே நிற்பாள்.

கிறிஸ்தவ வீட்டில் தீட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். ஆண் பிள்ளைக்கு 7 நாளும் 33 நாளும் சேர்த்து 40. பெண் பிள்ளைக்கு 14ம் 66ம் சேர்த்து 80. எங்கள் வீட்டில் பெண் பிறந்தாலும் நாற்பதுதான். எண்பது நாள் ராட்டை சும்மா கிடந்தால் கூலி யார் தருவார்கள்? இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்திலும் இந்தச் சடங்கு இருந்தது. 1549ல் அதற்குப் 'பெண்களின் சுத்திகரிப்பு' என்று தலைப்பு. 1552லேயே அதை மாற்றி 'ஸ்தோத்திரம்' ஆக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், காஞ்சிபுரத்துக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலிக்கர்கள் அல்ல, ஸ்காட்லாந்துக்காரர்கள். 1839ல் இங்கே பள்ளிக்கூடம் வைத்த ஆண்டர்சனின் சபைக்கு அப்படி ஒரு சடங்கே கிடையாது. ஆக, நாற்பது நாள் பைபிளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்ததற்குப் பைபிளில் பிற்பாடு சாட்சி தேடிக்கொண்டோம். மோசேயின் சட்டப்படி மரியாளும் ஒரு ஜோடிப் புறாவோடு எருசலேமுக்குப் போனாள் என்பது எங்கள் பெண்களுக்கு ஓர் ஆறுதல். தேவதாயையே நிறுத்தி வைத்த வாசல்தானே!

ஆயா கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில், கதவோரமாக உட்காருவாள். தாழ்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதல் பிரசவத்துக்குப் பிறகு, தும்மினால் துணி நனைகிறது என்று நான் அழுதபோதுதான் வாயைத் திறந்தாள். அவளுக்கும் அதே. ஐந்தாவது பிள்ளையிலிருந்து. பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது இருமல் வந்தால் சட்டென்று வெளியே போக வசதியாக அந்த பெஞ்ச். நாற்பது வருஷம் இதை அவள் கணவரிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை. கர்த்தரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "இதையெல்லாமா அவராண்ட சொல்லுவாங்க?"

எனக்கு அது ஆறு மாதப் பயிற்சியில் சரியானது. இடுப்புக்குக் கீழே தொட்டில் மாதிரி தாங்கிக்கொண்டிருக்கும் தசைகளைச் சுருக்கி விரிக்கப் பழக்கினார் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். பத்து நிமிஷ வேலை தெரியாமல் ஒருத்தி நாற்பது வருஷம் கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். 'அந்தக் காலம் பொற்காலம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்த பெஞ்ச் கண்ணில் வந்து நிற்கும்.

உயிருக்கே உத்தரவாதம் இல்லாத காலம் அது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி செய்ய மிஷனரியின் மகள் ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவள் டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்றால், அந்நிய ஆண் வரக் கூடாது என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் அந்த மூன்று மனைவிகளும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899ல் டாக்டராகி வந்து, 1900ல் வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டரில் இருக்கிறது. சமீபக் கணக்குக்கு வந்தால், உயிரோடு பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்கு இறக்கும் தாய்மார்கள் தமிழ்நாட்டில் 2001-03ல் 134 பேர், 2018-20ல் 54. இப்போது இங்கே ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன.

உயிர் தப்பியது. உடம்பு?

என் முதல் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் வீடு. இருபதாம் நாள் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் என் வயிற்றைப் பார்த்தாள். "இன்னும் உள்ளே போகலையே, பெல்ட் போடலையா?" ஆயா கட்டிய நூல் புடவைதான் இன்று மெடிக்கல் ஷாப்பில் பெல்ட்டாகத் தொங்குகிறது. ஆனால் அன்று கட்டியது இடுப்பு தாங்க. இன்று வயிறு மறைய. தீட்டு என்று யாரும் இப்போது சொல்வதில்லை. தொடலாம், கோயிலுக்கு வரலாம், தண்ணீர் குடிக்கலாம். கூடவே நாற்பது நாளும் போய்விட்டது. பச்சை உடம்பு என்ற சொல் போய், 'உடம்பு போட்டுட்டே' வந்துவிட்டது. தீட்டை ஒழிக்கும் வேகத்தில் தூக்கத்தையும் சேர்த்து ஒழித்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு 2017லிருந்து சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தறியில் உட்காருகிறவளுக்கு எந்தக் கம்பெனி விடுப்புத் தரும்? அவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவிதான். 2018ல் அது 18,000 ரூபாய் ஆனது, சத்துப் பெட்டகமும் சேர்த்து.

சபையிலும் ஒரு சின்ன முள் உண்டு. சாட்சி நேரத்தில் எழுந்து, "கர்த்தர் சுகப்பிரசவத்தைக் கட்டளையிட்டார்" என்று ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். சொல்லுகிறவர் மேல் குற்றமில்லை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 45 அறுவை சிகிச்சை. அதில் எத்தனை அவசியம் என்பது டாக்டர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, உரக்கவே கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் பெஞ்சில் தலை குனிவது டாக்டர் அல்ல. விசுவாசம் குறைந்ததால்தான் கத்தி விழுந்ததோ என்று நானே ஒரு வருஷம் நினைத்தேன். உயிர்த்தெழுந்த சரீரத்திலும் தழும்பு இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற தோமா நம் பரங்கிமலைக்காரர் என்கிறோம். என் தழும்பை மட்டும் ஏன் ஒளித்துக்கொண்டேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

விசுவாசமா வைத்தியமா என்ற இந்த வாதம் புதிதல்ல. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1847ல் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, ஏவாளுக்கு விதித்த வேதனையை மனுஷன் நீக்கலாமா என்று கேள்வி வந்தது. அவர் அந்த வருஷமே பதில் எழுதினார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும்முன் தேவனே அவனை அயர்ந்து தூங்க வைக்கவில்லையா? அதே எடின்பரோ பெயரில்தான் 1987ல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் வந்தது, பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க. அதைத் தமிழில் பரிசோதித்துச் சரிபார்த்தவர்கள் வேலூர்க்காரர்கள். வேலூரை அடுத்த கிராமங்களில் செய்த ஆய்வு 2002ல் வெளிவந்தது: பிள்ளை பெற்றவர்களில் 100க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு. ஆயா காலத்தில் காற்று கருப்பு என்றார்கள். எங்கள் வீட்டில் பிசாசு என்று ஜெபித்தார்கள். என் இரண்டாவது பிரசவத்தில் நான் பேச்சை நிறுத்தியபோதும் ஜெபித்தார்கள். அம்மா மட்டும் ஜெபித்துவிட்டு ஆட்டோவும் பிடித்தாள்.

எங்கள் பைபிள் தமிழில் உடம்புக்கு இரண்டு சொல். ஒன்று மாம்சம், இன்னொன்று சரீரம். பிரசங்கங்களில் மாம்சத்துக்குத்தான் அடி அதிகம்: மாம்ச இச்சை, மாம்ச சிந்தை. கேட்டுக் கேட்டு, கண்ணாடியில் தெரிவதெல்லாம் மாம்சம் என்று ஆகிவிட்டது. ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் பவுல் ஒரே மூச்சில் சொல்லுவார்; சரீரம் ஆலயம் என்றும் சொல்லுவார். அந்த ஆலயம் என்ற சொல்லை நான் புரிந்துகொண்டது சபையில் அல்ல. எங்கள் ஊர்ச் சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலில்.

சாயங்காலம் பிள்ளைகளோடு அங்கே போய் உட்காருவது வழக்கம். பல்லவர் காலத்தில் எழுந்த கோயில். சோழர் காலத்தில் வளர்ந்தது. 1387-88ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் முன்னால் ஒரு சங்கீத மண்டபம் கட்டினார். கூரை முழுக்க ஓவியம், அதையும் பின்னால் வந்தவர்கள் தீட்டித் தீட்டிச் சேர்த்திருக்கிறார்கள். பழையதும் புதியதும் ஒட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கோயிலைப் பார்த்து எவரும், முன் மண்டபம் வந்து இடுப்பு பெருத்துவிட்டது, பல்லவர் கால அளவுக்குத் திரும்பட்டும் என்று சொன்னதில்லை. ஆலயம் என்றால் அப்படித்தான். ஒவ்வொரு காலமும் தன் கல்லை வைத்துவிட்டுப் போகும்.

கூரையில் சமணரின் முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் பிறந்த கதை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பிள்ளை பிறந்ததும் இந்திராணி வந்து தாய் மருதேவியைத் தூங்க வைத்துவிட்டு, குழந்தையை மேருமலைக்கு எடுத்துப் போவாள், தேவர்கள் நீராட்ட. ஊரும் உலகமும் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது பெற்றவள் தூங்குகிறாள். என் மதமில்லை, ஆனால் அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மாதம் தம்பி மனைவிக்குப் பிள்ளை பிறந்தது, ஆபரேஷன்தான். நாற்பது நாள் நான் முறை போட்டேன். தண்ணீர் கேட்டபோதெல்லாம் சொம்பு நிறைய. தட்டு எல்லோருக்கும் பொது. இரவு ஒரு மணிக்கு மேல் குழந்தை என் தோளில், அவள் தூங்கட்டும். பெல்ட் வாங்கிவந்த சொந்தக்காரரிடம் நன்றி சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஞானஸ்நானத்துக்கு என் கல்யாணப் புடவையைக் கட்ட வேண்டும் என்று தோன்றியது. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பழைய தையல்காரரிடமே போனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் விட்டிருக்கேன்மா, ரெண்டு பக்கமும் இருக்கு."

பிளேடால் தையலைப் பிரித்தார். மடிப்புக்குள் இருந்த அரக்கு நிறம் வெயில் படாமல் அப்படியே இருந்தது. வெளித் துணி பதினாறு வருஷத்தில் மங்கியிருந்ததால் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைக்குப் பளிச்சென்று கோடு விழுந்தது.

"கோடு தெரியும். முந்தானையை இழுத்து விட்டா மறைஞ்சுடும்" என்றார். "அப்பவும் அக்குள்ல பத்தாது, ஒரு துண்டு வைக்கணும்."

"வைங்க. உள்ளேயும் கொஞ்சம் விட்டுத் தைங்க" என்றேன்.