ஏற்பிக்குத் துணை வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்களிடம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு கண்டால் உடனே வரும்படி மருத்துவர்கள் சொல்வார்கள். மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே மருந்து, கருப்பையின் உள்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்கிறது. அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டவும் செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் புரதமான ஏற்பி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபாடு ஏற்பியோடு சேரும் துணை ஊக்கிப் புரதங்களால் வருகிறது.

ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியைப் பற்றிக்கொண்டதும், ஏற்பி டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் போய் அமர்கிறது. அதுமட்டும் போதாது. டிஎன்ஏ, ஹிஸ்டோன் புரதங்களின் மேல் நூல்கண்டுபோல் இறுகச் சுற்றிக் கிடக்கிறது. ஹூஸ்டனிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓமாலியின் குழு 1995இல் எஸ்ஆர்சி-1 என்ற துணை ஊக்கியை அடையாளம் கண்டது. அது ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, சிபிபி, பி300 ஆகிய புரதங்களையும் வரவழைக்கிறது. அவை ஹிஸ்டோனின் லைசின்களில் அசிட்டைல் தொகுதிகளை ஏற்றுகின்றன. லைசினின் நேர்மின்சுமை நீங்குவதால், எதிர்மின்சுமை கொண்ட டிஎன்ஏவின் மீதுள்ள பிடி தளர்கிறது. மரபணுவைப் படியெடுக்கும் நொதிக்கு வழி கிடைக்கிறது.

துணை ஊக்கி ஏற்பியில் ஒட்டும் பகுதி மிகச் சிறியது: ஒரு லூசின், ஏதேனும் இரண்டு அமினோ அமிலங்கள், மறுபடி இரண்டு லூசின்கள். ஏற்பியின் பன்னிரண்டாம் சுருள், ஹார்மோன் அமர்ந்த குழியின் மேல் மடிந்து மூடும்போதுதான் இந்தப் பகுதி பொருந்தும் பள்ளம் முழுமையாகிறது. டமாக்ஸிஃபெனுக்கோ ஒரு நீண்ட பக்கச் சங்கிலி உண்டு. அது வெளியே நீட்டிக்கொண்டு சுருளை மூடவிடாது. 1998இல் வெளியான படிக அமைப்பைப் பார்த்தபோது, இடம்பெயர்ந்த சுருள் அந்தப் பள்ளத்திலேயே போய்ப் படுத்திருந்தது. அதன் வரிசையும் ஏறக்குறைய துணை ஊக்கியுடையதைப் போன்றதே! மூலக்கூறு உயிரியலில் இவ்வளவு அழகான விளக்கம் அபூர்வம்.

ஆனால் ஏற்பியின் மறுமுனையிலும் துணை ஊக்கிகள் ஒட்டும் பகுதி உண்டு. டமாக்ஸிஃபென் அதைத் தடுப்பதில்லை. கருப்பைச் செல்களில் எஸ்ஆர்சி-1 மிகுதி; ஆய்வகத்தில் வளர்த்த அத்தகைய செல்களில் அதைக் குறைத்தபோது டமாக்ஸிஃபெனின் தூண்டுதலும் குறைந்தது. எஸ்ஆர்சி-3 என்ற உறவுப் புரதத்தின் மரபணு, சில மார்பகப் புற்றுக்கட்டிகளில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதும் தெரியவந்திருக்கிறது. எஸ்ஆர்சி-3, ஹெர்2 என்ற இன்னொரு புரதம் இரண்டுமே மிகுந்த கட்டிகள் டமாக்ஸிஃபெனுக்கு எளிதில் பணிவதில்லை.