நீட் ரெக்கார்ட்ஸ்: ஒரு சிறு இசைத்தட்டுக் கம்பெனி விலைபோன கதை

பிளாக் மெட்டல் என்ற இசைவகையின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கெடா மாணவர்களைப் பற்றிய செய்திகளோடு நம் மலேசிய நாளிதழ்களில் பிரவேசித்துப் பெற்றோர்களைக் கலங்க வைத்ததும், 2006-இல் தேசிய ஃபத்வா மன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளானதும் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். ராசாவிலும் கோலகுபு பாருவிலும் மின்னல் பண்பலைப் பாடல்களில் ஊறிய செவிகளுக்கு அந்தச் சங்கீதம் வெறும் இரைச்சலாகவே பட்டிருக்கும். அதில் எனக்கும் பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அப்பெயரை உலகுக்கு வழங்கிய ஸ்தாபனத்தின் சரித்திரம், இசைப் பிரியர் அல்லாதாரும் அறியத்தக்கது.

1982 நவம்பரில் வெனம் என்னும் ஆங்கிலேய மூவர் குழு வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பே பிளாக் மெட்டல். வெளியிட்டது நீட் ரெக்கார்ட்ஸ். இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் நதிக்கரையில், கப்பல் கட்டும் தொழிலை நம்பி வாழ்ந்த வால்சென்ட் என்ற ஊரில் இம்பல்ஸ் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்திவந்த டேவிட் வுட், 1979-இல் இதைத் தொடங்கினார். வாடகைக்கு ஆள் வராத நேரத்தில் கூடம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடந்தாலும் செலவு நிற்பதில்லை. அந்த நேரத்தை உள்ளூர் வாலிபர்களுக்குக் கொடுத்துவிட்டால், மற்றக் கம்பெனிகளை மூழ்கடிக்கும் ஒலிப்பதிவுச் செலவு ஏறக்குறைய மறைந்து, தட்டு அச்சிடும் கூலியும் உறைச் செலவுமே மிஞ்சும். சொற்பப் பிரதிகள் விற்றாலும் கைக்காசு போகாத இந்த உபாயமே நீட்டின் மூலதனம்.

அக்கூடத்தில் ஒலிநாடா இயக்கும் உதவியாளராக வேலை பார்த்த கான்ராட் லான்ட் என்ற இளைஞர்தான் வெனம் குழுவின் பாடகர். சிப்பந்தி என்ற சலுகையில் அவர் பெற்ற நேரத்தில், 1981 ஆகஸ்டில், மூன்றே நாட்களில் முதல் இசைத்தட்டின் ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. முன்மாதிரிக்காகப் பதிந்ததைப் போன்ற அந்தக் கரடுமுரடான ஒலியையே கம்பெனி அப்படியே கடைக்கு அனுப்பியது. மெருகூட்டப் பணம் இல்லாமையால் நேர்ந்த அந்தக் குறைதான், பிற்பாடு நார்வே இளைஞர்கள் பிரயத்தனப்பட்டுப் பின்பற்றிய லட்சணமாயிற்று! சிங்கப்பூரில் 1992-இல் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு, இதே கர்ஜனையோடு சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் இணைத்ததும் அந்த வழியில் வந்த விசித்திரமே.

இத்தனை கீர்த்தி இருந்தும் கம்பெனி ஏன் நிலைக்கவில்லை? சிறு கம்பெனி கண்டெடுத்த குழு கொஞ்சம் பிரபலமானதும், விளம்பரத்துக்கும் வெளிநாட்டு விநியோகத்துக்கும் பணம் வைத்திருக்கும் பெரிய கம்பெனி வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். டைகர்ஸ் ஆஃப் பான் டாங் எம்.சி.ஏ.வுக்குப் போயிற்று; 1983-இல் மெட்டாலிகாவை தொடக்கக் குழுவாக அழைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவந்த ரேவன் அட்லாண்டிக்குக்குப் போயிற்று; கடைசியில் வெனமும் போயிற்று. அதன்பின் நீட்டுக்குப் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை என்றே சொல்லவேண்டும்.

1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த கத்ரி கம்பெனி ஒரே காலைப் பொழுதில் மலேசியர் வசமானபோது, தோட்டங்கள் மரங்களோடு கைமாறின. பால்வெட்டியவரை யாரும் கேட்கவில்லை. நீட்டின் ஒலிப்பதிவுகளுக்கும் அதே கதிதான். அவை சாங்க்சுவரி என்ற கம்பெனியிடம் சேர்ந்தன. 2007-இல் சாங்க்சுவரியை யுனிவர்சல் விழுங்கியது. 2013-இல் சாங்க்சுவரி பி.எம்.ஜி.யிடம் போயிற்று.

இங்கே வாசகர் ஒரு பேதத்தைக் கவனிக்கவேண்டும். பாட்டுக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. நீட் 1981-இல் வெளியிட்ட பிளிட்ஸ்கிரீக் குழுவின் பாட்டொன்றை மெட்டாலிகா 1984-இல் தானே பாடிப் பதிந்தபோது, வருமானத்தில் பங்கு பெற உரியவர்கள் பாட்டை இயற்றியவர்களும் அதன் பதிப்புரிமை உடையவர்களுமே. பழைய ஒலிநாடாவின் சொந்தக்காரருக்கு அதில் சல்லிக்காசு இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞர்கள் விசாரிக்கவேண்டியது, கம்பெனி எத்தனை பிரதி அச்சிடும் என்பதை அல்ல, பாட்டின் உரிமை யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதையே.